ஊரில் இல்லாதவன்

சட்டைக் காலரில் ஏறிய கறையை எடுக்கப் பொறுமை வேண்டும். அழுத்தித் தேய்த்தால் துணி நைந்துபோகும். தேய்க்காமல் விட்டால் கறை அங்கேயே குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும். சலவைக் கடையில் கறைபட்ட துணியெல்லாம் அக்காக்காரியின் மேசைக்குத்தான் வரும். மை, எண்ணெய், உதட்டுச் சாயம், எதைப் பார்த்தும் அவள் முகம் சுளித்ததில்லை. ஆனால் தொலைபேசியில் காத்திருப்பதற்கு வேண்டிய பொறுமை வேறு ரகம். அது அவளிடம் அன்று காலையிலேயே தீர்ந்துவிட்டது.

கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஒரு வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்றது பதிவுசெய்த குரல். பிறகு இசை. மறுபடியும் அதே குரல்.

"முக்கியம்னா எடுக்க வேண்டியதுதானே" என்று முணுமுணுத்தாள்.

பக்கத்தில் நீராவி இஸ்திரி போடுகிறவள் திரும்பினாள். "யார்கிட்ட பேசறே?"

"மெஷின்கிட்ட."

"என்ன சொல்லுது?"

"நான் முக்கியமானவளாம்."

"பரவாயில்லையே. என் வீட்டுக்காரர்கூட இதுவரை அப்படிச் சொன்னதில்லை."

சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. அக்காக்காரி அந்த மனநல உதவி மையத்தைக் கூப்பிடுவது அவளுடைய தம்பிக்காக. தம்பி லிஃப்ட் மெக்கானிக். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி வேலை செய்கிறவன். சில வருடங்களுக்கு முன் அவனுக்கு யாருக்கும் கேட்காத குரல்கள் கேட்க ஆரம்பித்தன. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், ஆள் தெளிந்து வேலைக்கும் போனான். நல்லாத்தானே இருக்கோம் என்று அவனே மாத்திரையை நிறுத்திக்கொண்டான். நோய் மெதுவாகத் திரும்பி வந்தது. இப்போது அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடக்கிறான். அம்மா தட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்தால்தான் சாப்பாட்டையே எடுக்கிறான்.

ஒருமுறை தெளிய வைத்த மருந்து மறுபடியும் தெளிய வைக்கும். ஒரு டாக்டர் அவனைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்காக அவள் ஏறி இறங்காத படி இல்லை.

ஆஸ்பத்திரியில், "ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள்.

"அவன் வரமாட்டேங்கிறாங்க. தனக்கு ஒண்ணும் இல்லைங்கிறான்."

"பார்க்காம நாங்க எப்படி மருந்து எழுதறது?"

அதுவும் நியாயம்தான். காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"யாரையாவது அடிச்சாராம்மா?"

"இல்லைங்க. ஒரு கொசுவைக்கூட அடிக்கமாட்டான்."

"அப்ப நாங்க எப்படி வர்றது? அடிச்சா சொல்லுங்க, உடனே வர்றோம்."

வீட்டுக்கு வந்து தம்பியின் மூடிய கதவைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே இருந்து, மூச்சோடு மூச்சாக, ஒரு பழைய தாலாட்டு மெட்டு கேட்டது. யாரையாவது ஒரு அடி அடிச்சிடுடா, உனக்கு வைத்தியம் கிடைக்கும் என்று அவனிடம் போய்ச் சொல்லவா முடியும்? அன்று சாமி படத்துக்கு முன்னால் நின்று அவள் எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தாள். சில நாட்களில் அதுவே பிரார்த்தனையாகிவிடுகிறது.

கடைசியில்தான் அந்த உதவி மையத்தின் எண் கிடைத்தது. வர முடியாதவர்களின் வீட்டுக்கே ஒரு நர்ஸும் துணைக்கு ஒரு ஆளும் வந்து பார்ப்பார்கள். பேசிப் பழகி, தேவைப்பட்டால் டாக்டரையே அழைத்துவருவார்கள். பெயர் கொடுத்தாள். வரிசை நீளம் என்றார்கள். காத்திருந்தாள். "எங்க ஆளுங்க இந்த வாரம் எப்ப வேணா வருவாங்க" என்று ஒருநாள் சொன்னபோது கடைக்கு வெளியே வந்து நின்று அழுதாள். அந்த வாரம் போனது. அடுத்த வாரமும் போனது. யாரும் வரவில்லை. அதைத்தான் இன்று கேட்கப் போகிறாள்.

இசை நின்றது. ஒரு பெண் குரல். உயிருள்ளது.

"சொல்லுங்க மேடம்."

சொன்னாள்.

"மேடம், எங்க ஆளுங்க வந்துட்டுப் போயிட்டாங்களே."

"எங்க வீட்டுக்கா?"

"உங்க வீட்டுக்குத்தான். மணி அடிச்சாங்க, தட்டினாங்க, யாரும் திறக்கலை. எதிர் வீட்டுல விசாரிச்சிருக்காங்க. உங்க தம்பி ஊர்லயே இல்லையாம். வெளிநாட்டுல வேலையாம்."

அக்காக்காரியின் கையிலிருந்து சட்டை நழுவியது.

"அங்க ரொம்பக் குளிராம். ஒத்துக்காம இருமல்னுகூடச் சொல்லியிருக்காங்க. அதனால உங்க பேரை எடுத்துட்டோம் மேடம்."

"அவன் வீட்லதாங்க இருக்கான். அது நாங்க... வெளிய சொல்றதுக்காக..."

 மறுமுனையில் இருந்த அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"பார்க்கிறேன் மேடம். ஆனா திரும்ப அனுப்பணும்னா, அவர் அங்கதான் இருக்காருன்னு வீட்டாளுங்க இல்லாத ஒருத்தர் எங்ககிட்டச் சொல்லணும். எதிர் வீட்டுக்காரங்களே சொன்னாக்கூடப் போதும்."

எதிர் வீட்டுக்காரங்களே. அதற்கு வேறு யாரையாவது கேட்டிருக்கலாம்.

எதிர் வீட்டுப் பெண்மணி தன் முன் அறையிலேயே அழகு நிலையம் நடத்துகிறாள். அந்தக் கட்டடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். மூன்றாம் மாடியில் தும்மினால் கீழ்த்தளத்தில் கஷாயம் காய்ச்சிவிடுவார்கள், நடுவில் அவள் இருப்பதால். புருவம் திருத்த வருகிறவர்கள் புருவத்தோடு ஊர்க் கதையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். அம்மா உலகத்திலேயே பயப்படுவது அவள் ஒருத்திக்குத்தான்.

முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்டாள்.

"யாருக்கு உடம்பு சரியில்லை?"

"அம்மாவுக்கு."

அந்தக் கடையின் கணக்குப்படி அம்மாவுக்கு வராத வியாதி பாக்கியில்லை. முதலாளி அவளை ஒரு மாதிரி பார்த்தார். தலையாட்டினார்.

அந்த வெளிநாட்டுப் பொய்யை ஆரம்பித்து வைத்தது அம்மாதான். அவளைக் குறை சொல்லவும் முடியாது. முதல் தடவை தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பழைய வீட்டில் இருந்தபோது. தெருவே வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு மாடிப்படியில் எதிரே வந்தவர்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார், வேற வீடு பாத்துக்கோங்கன்னு. அதனால் இந்தமுறை தம்பி அறைக்குள் முடங்கியதும், யாரோ கேட்ட கேள்விக்கு அம்மா சட்டென்று, "வெளிநாட்டு வேலைக்குப் போயிட்டான்" என்றாள்.

பொய்க்குச் சாப்பாடு போட்டு வளர்க்க வேண்டியிருந்தது. அங்கே குளிர் என்றாள். இருமல் என்றாள். சம்பளம் சுமார் என்றாள், கண்பட்டுவிடக் கூடாதே என்று. தம்பியின் சட்டைகள் கொடியில் காயாமல் சமையலறைக்குள் காய்ந்தன. வாசல் மணிச் சத்தத்துக்குத் தம்பி காதைப் பொத்திக்கொண்டான். பிறகு ஒருநாள் அவனே, கைவேலை மறக்காதவனாக, மணியின் கம்பியை நேர்த்தியாகக் கழற்றிவிட்டான். தெரியாதவர்கள் தட்டினால் அம்மா மூச்சுவிடமாட்டாள். அக்காக்காரி தட்டுகிற விதம் தெரியும். அதற்கு மட்டும் கதவு திறக்கும்.

இன்றும் திறந்தது.

"என்னடி இந்நேரத்துல?"

"அம்மா, கொஞ்ச நாளைக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்து கதவைத் தட்டினாங்களா?"

அம்மா யோசித்தாள். "ஆமா. தோள்ல பை போட்டுக்கிட்டு ஒரு பொம்பளையும் ஒரு பையனும். கதவுத் துவாரத்து வழியாப் பார்த்தேன். தண்ணி சுத்தம் பண்ற மெஷின் விக்கிறவங்க மாதிரி இருந்தாங்க. நான் எதுக்குத் திறக்கணும்?"

"அவங்கதாம்மா நர்ஸு."

"வெள்ளைக் கோட்டே போடலையே."

அக்காக்காரி சுவரில் சாய்ந்தாள். கத்த வேண்டும்போல் இருந்தது. பக்கத்து அறையில் தம்பி இருக்கிறான், கத்தக்கூடாது. இந்த வீட்டில் கத்துவதற்கும் இடமில்லை. மெல்லிய குரலிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். குளிர், இருமல் வரைக்கும்.

அம்மாவின் முகம் சுருங்கியது. "நம்ம பொய்யே வந்து நம்ம கதவை அடைச்சிடுச்சா?"

"ஆமா. இப்ப ரேடியோகிட்டப் போய் உண்மையைச் சொல்லணும். அவங்க போன் பண்ணிச் சொன்னாத்தான் நர்ஸு திரும்ப வருவாங்க."

"அதுக்கு என்னை மொட்டை மாடியிலேர்ந்து தள்ளிவிடு. சாயங்காலத்துக்குள்ள கட்டடம் முழுக்கத் தெரிஞ்சிடும். மறுபடியும் வீடு மாத்தணுமாடி? இந்த உடம்பை வச்சுக்கிட்டு நான் எத்தனை வீடு மாத்துவேன்?"

அப்போது மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து தம்பியின் குரல் வந்தது. கோபமில்லை, களைத்துப்போன ஒரு சந்தேகம்.

"அம்மா. நான் இங்க இருக்கேனா இல்லையா?"

அம்மா கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ வெளிய நின்னு நான் இல்லைங்கறே. உள்ள வந்து சாப்பிடுங்கறே. அவங்களும் அப்படித்தான் சொல்றாங்க, நீ இல்லடா, நீ இல்லடான்னு. எது நிஜம்?"

அவங்க என்றால் அந்தக் குரல்கள்.  அவன் தலைக்குள் நோய் என்ன சொல்கிறதோ, அதையே வாசலில் நின்று பெற்றவளும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் அதைக் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறான்.

அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு, மகளைப் பார்க்காமல், "போய்ச் சொல்லு" என்றாள்.

எதிர்வீட்டில் ஒரு வாடிக்கையாளர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ரேடியோ அவள் நெற்றியில் நூலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, ஒரு நிமிஷம் பேசணும்."

"பார்லர் வச்சிருக்கறவளை ஆன்ட்டின்னு கூப்பிட்டா எவ உள்ள வருவா? அக்கான்னு கூப்பிடு" என்று திரும்பியவள், அக்காக்காரியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். முடி காயவைக்கிற பெரிய தொப்பி மெஷினை இழுத்து வாடிக்கையாளரின் தலைமேல் கவிழ்த்து, சுவிட்சைப் போட்டாள்.

"என் தலை ஈரமில்லையே" என்றாள் அந்தப் பெண்.

"இருக்கட்டும். சூடு பட்டா முடிக்கு நல்லது."

மெஷின் இரைந்தது. உலகத்தில் உள்ள எந்த ரகசியமும் அதற்குள் கேட்காது. ரேடியோ நூலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "இப்பச் சொல்லு."

அக்காக்காரி சொன்னாள். எங்கே ஆரம்பித்தாலும் நடுவிலேயே இருந்தது. கடைசியில், தம்பி வெளிநாட்டில் இல்லை என்றாள்.

"தெரியும்" என்றாள் ரேடியோ.

"என்ன தெரியும்?"

"உள்ளதான் இருக்கான்னு. உங்க பாத்ரூம் ஜன்னலும் என் பாத்ரூம் ஜன்னலும் ஒரே காத்துப் போக்கிக் குழியிலதானே திறக்குது. அவன் பாடறது எனக்குக் கேக்கும். சில நாள் அழறதும் கேக்கும்." தலை குனிந்தாள். "எங்க பெரியப்பா ஒருத்தர் இருந்தார். வேண்டாம், அது இப்ப எதுக்கு. உங்க அம்மா வெளிநாடுன்னு சொன்னாங்க. சரி, அப்படியே இருக்கட்டும்னு நானும் வெளிநாடாவே வச்சுக்கிட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"ஏம்மா, எனக்கு வாயிருக்குன்னா மனசு இருக்காதா?"

அக்காக்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர்க்கதை பூராவும் பேசுகிற ஒரு வாய், ஒரே ஒரு கதையை மட்டும் தன் வீட்டு மூலையில் மூடி வைத்திருக்கிறது. எதிர்வாசலில் இருந்த அந்தப் பெரிய மனசை இத்தனை காலம் துவாரத்து வழியாகவே பார்த்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அந்த ரெண்டு பேரும் வந்து கேட்டப்ப, கடன் வசூலுக்கோ வேவு பாக்கவோ வந்திருக்காங்கன்னு நினைச்சேன்" என்றாள் ரேடியோ. "உங்க அம்மா மானத்தைக் காப்பாத்தறேன்னு குளிர், இருமல் எல்லாம் போட்டு வெளுத்து வாங்கிட்டேன். கேட்டவங்க முகமே பாவமாயிடுச்சு. நல்லது பண்றேன்னு வைத்தியத்தையே திருப்பி அனுப்பியிருக்கேன் பாரு. பாவி."

"நீங்க இல்லக்கா. நாங்கதான்."

"சரி, பாவத்தை அப்புறம் பங்கு பிரிச்சுக்கலாம். நம்பரைப் போடு."

அந்த எண்ணுக்கு மறுபடியும் இசை. மறுபடியும் முக்கியமான அழைப்பு. ரேடியோ இடுப்பில் கைவைத்து நின்றாள். மெஷினுக்கு அடியிலிருந்து அந்த வாடிக்கையாளர், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கத்தினாள். "இவங்க எடுக்கிற வரைக்கும்" என்று இவளும் கத்தினாள். ஒருவழியாக எடுத்தார்கள். வேறொரு குரல், மறுபடியும் முதலிலிருந்து. சொல்ல வேண்டியதை எல்லாம் ரேடியோ சொன்னாள். அவ்வளவு பேசத் தெரிந்தவள் அப்படி ஒழுங்காக, சுருக்கமாகப் பேசி அக்காக்காரி அன்றுதான் கேட்டாள்.

"பொய் சொன்னது நான்தான். ஆமா. அந்தப் பையன் இங்கதான் இருக்கான். என் காதால தினம் கேக்கறேன்."

பதிவு செய்துகொண்டார்கள். ஆனால் இந்த வாரம் ஆள் இல்லை. அடுத்த வாரமும் உறுதியில்லை. முடிந்தவரை சீக்கிரம் அனுப்புகிறோம் என்றார்கள்.

அக்காக்காரி கைப்பேசியை வெறித்தாள். மலையைப் புரட்டியாகிவிட்டது, அடியில் இன்னொரு வரிசை. "இத்தனைக்கும் அப்புறம் காத்திருங்கன்னுதான் சொல்றாங்க."

"காத்திருக்கிற வரைக்கும் அவன் என்ன பண்ணுவான்?"

"கதவைச் சாத்திக்கிட்டு இருப்பான். நான் இருக்கேனா இல்லையான்னு கேட்டுக்கிட்டு."

ரேடியோ மெஷினை அணைத்தாள். "முடி பிரமாதமா வந்திருக்கு" என்று அந்தப் பெண்ணை வாயெடுக்கவிடாமல் அனுப்பிவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அக்காக்காரியோடு அவர்கள் வீட்டுக்குள் வந்தாள். அம்மா பதறி எழுந்தாள்.

"உக்காருங்கம்மா. நான் ஒண்ணும் பாத்துட்டுப் போய்ச் சொல்ல வரலை."

தம்பியின் அறைக்கதவுக்கு முன்னால், தட்டு வைக்கிற இடத்தில், தரையில் உட்கார்ந்தாள். கதவைத் தட்டவில்லை.

"தம்பி, நான் எதிர் வீட்டுலேர்ந்து வந்திருக்கேன். பேச ஒண்ணும் வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். நீ இங்கதான் இருக்கே."

உள்ளே அசைவில்லை.

"காலையில நீ பாடறது எனக்குக் கேக்கும். அந்தத் தாலாட்டுல ரெண்டாவது அடியை எப்பவும் விட்டுட்டே போறே. எனக்குத்தான் மண்டை குடையுது. இல்லாதவன் பாட்டு எப்படிப்பா எனக்குக் கேக்கும்?"

 அம்மா கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவுக்கு மிக அருகிலிருந்து குரல் வந்தது.

"காத்துப் போக்கியில பேசறது நீங்களா?"

"போன்ல பேசுவேன். சத்தமாத்தான் பேசுவேன். கொஞ்சம் நானா இருக்கும்."

"எல்லாம் நீங்க இல்ல."

"எல்லாம் நான் இல்லப்பா. மத்தது யாருன்னு எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் ஒரு நர்ஸு வருவாங்க. எப்ப வருவாங்கன்னு கேக்காதே, அது அந்தக் கடவுளுக்கும் அந்த மெஷினுக்கும்தான் தெரியும்."

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்தது. தாடியும் குழிவிழுந்த கண்ணுமாக ஒரு முகம். அவன் ரேடியோவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தான்.

"எல்லார்கிட்டயும் சொல்லும்மா. நான் போகலைன்னு."

அவ்வளவுதான். கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது. ஆனால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கவில்லை.

பிறகு காத்திருப்பு. அது கதைகளில் வருவதுபோல் சுலபமாக இல்லை. சொன்ன நாளில் யாரும் வரவில்லை. இன்னொரு நாள் சொன்னார்கள். அன்று வண்டி பழுதாம். தம்பி ஒருநாள் கூடத்துக்கு வந்து உட்காருவான். மறுநாள் காற்றுப் போக்கியில் துணியை அடைப்பான். ரேடியோ தன் போன் பேச்சைப் படுக்கையறைக்கு மாற்றிக்கொண்டாள். போகிற வருகிறபோது கதவருகே நின்று, "ரெண்டாவது அடியை விட்டுட்டே" என்பாள். சில நாள் பதில் வரும். அக்காக்காரி முதலாளியிடம், "அம்மாவுக்கு இல்லைங்க, தம்பிக்குத்தான் உடம்பு சரியில்லை, மனசு சம்பந்தமா" என்று சொல்லிவிட்டாள். அவர் கொஞ்சம் தடுமாறி, "எனக்கும் தெரிஞ்சிருந்தது, உங்க அம்மாவுக்கு அவ்வளவு வியாதி தாங்காதுன்னு" என்றார்.

கடைசியில் ஒரு நண்பகலில் வந்தார்கள். அக்காக்காரி அன்று வீட்டில் இருந்தாள். தோளில் பை, வெள்ளைக் கோட் இல்லை. மணியை அழுத்தினார்கள். கம்பி இன்னும் கழன்றுதான் கிடந்தது; சத்தம் வரவில்லை. அந்த நர்ஸ், முன்னால் ஏமாந்த ஞாபகத்திலோ என்னவோ, கையை ஓங்கித் தட்டுவதற்குள், துவாரத்தில் கண்வைத்து நின்ற அம்மா கதவைத் திறந்தாள்.

நடையில் கீழ்வீட்டுக்காரர் படியேறிக்கொண்டிருந்தார். மேல்வீட்டுப் பெண் குப்பை வாளியோடு நின்றாள். ரேடியோ தன் வாசலில். அம்மா எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"யாரைப் பார்க்கணும்?" என்று அம்மாவே கேட்டு, அம்மாவே பதிலும் சொன்னாள், உள்ளறைக்கும் கேட்கிற குரலில்.

"என் பையனையா? அவன் எங்கயும் போகலை. உடம்பு சரியில்லாம இங்கதான் இருக்கான். உள்ள வாங்க."